தானே கெட்டித்துக்கொள்ளும் துப்பாக்கி

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கன்னிவாடி போயிருந்த செல்வி, வீடு திரும்பியதும் எனக்குப் போன் போட்டாள். பந்தியில் அவளுக்கு அடுத்த இலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தாராம். கொடைக்கானல் துப்பாக்கிக் கடை செல்லையாவின் மகள் இவள் என்று யாரோ சொல்லவும், பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாராம்.

"அந்தச் செல்லையா மகளா நீயி? தானா கெட்டிக்கிற துப்பாக்கி செஞ்ச மனுசனாச்சே உங்கப்பாரு. வெள்ளனே ஒருக்கா மருந்து போட்டா பொழுது சாயிற வரைக்கும் சுடும்" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னாராம்.

மறுநாள் மகன் ராஜா பேசினான். அவன் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறவன். "ஏம்ப்பா, போலீஸ் கேசு ஏதும் ஆச்சா?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஒரு கேசும் ஆகவில்லை. அப்படி ஒரு துப்பாக்கியை நான் செய்யவும் இல்லை. செய்ய ஆசைப்பட்டேன், அது நிஜம். போனில் சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு விதமாகப் பிடித்துக்கொள்வீர்கள் என்று எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அய்யம்பாளையத்தில் ஒரு சைக்கிள் கடையில் இருந்த என்னைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனவர் காதர் ராவுத்தர். பஜார் சரிவில் அவருக்குத் துப்பாக்கி பழுது பார்க்கும் கடை. முறையாக லைசென்ஸ் வாங்கி நடத்திய கடை. முதல் சில வருடம் அரம் பிடிக்கவும் துருப்போக்கவும் மட்டுமே விட்டார். அப்புறம் மரவேலை. துப்பாக்கியின் பின்கட்டையை ஒருவருடைய தோளுக்கும் கைநீளத்துக்கும் பொருந்தும்படி செதுக்குவது. அது எனக்குக் கைவந்தது. அதைப் பற்றி வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

கொடைக்கானல் ஈரத்துக்குத் துரு பிடிக்காத இரும்பு கிடையாது. அதனால் எங்களுக்கு வேலை ஓய்ந்ததே இல்லை. பங்களாக்காரர்களின் வெளிநாட்டு ரைபிள்கள் வரும். அடிவாரத்து விவசாயிகளின் மருந்துத் துப்பாக்கிகள் அதைவிட அதிகமாக வரும். மருந்துத் துப்பாக்கி என்றால் உங்களுக்குத் தெரியாது. தோட்டா கிடையாது. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, ஈய ரவையைப் போட்டு, குச்சியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் குழலில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதைக் காது என்போம். அதன் மேல் பொறி தெறிக்கிற ஒரு கேப்பு. அதைக் கொத்துகிற சுத்தியலுக்குக் குதிரை என்று பெயர். ஒரு வெடி வெடித்தால் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து கெட்டிக்க வேண்டும்.

வெடித்ததும் எல்லாரும் ஒரு காரியம் செய்வார்கள். கட்டையைத் தரையில் ஊன்றி, குதிரையைப் பாதி தூக்கி வைத்துவிட்டு, குழல் வாயில் உதட்டை வைத்து ஊதுவார்கள். காது வழியாகப் புகை வந்தால் வழி திறந்திருக்கிறது, உள்ளே கங்கு கிடக்கவில்லை, அடுத்த மருந்தைத் தைரியமாகக் கொட்டலாம் என்று அர்த்தம். ஊதாமல் கொட்டிக் கையைப் பொசுக்கிக்கொண்டவர்கள் உண்டு. எங்கள் முதலாளியே கடைக்குப் பின்னால் ஒவ்வொரு மருந்துத் துப்பாக்கியையும் சுட்டுப் பார்த்து ஊதுவார். காது வழியாகப் புகை வந்ததும், "ம்ம், உசுரு ஓடுது" என்பார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டுமானால் அந்த நேரத்தில்தான் பார்க்கலாம்.

முதலாளி குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. திட்டுவதையும் டீ சொல்வதையும் ஒரே குரலில் செய்வார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. துப்பாக்கியைக் கொண்டுவருகிறவர் அதைக் கடை வாசலில் தானே திறந்து காலி என்று காட்ட வேண்டும். அப்புறம் உள்ளே வந்து அதைத் தோளில் வைத்துப் பிடிக்க வேண்டும். அதுவரை முதலாளி தொடமாட்டார். ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார். சிலருக்கு எரிச்சலாக இருக்கும். "பாய், துப்பாக்கிக்குத்தான் கோளாறு, எனக்கு இல்ல" என்று ஒரு பங்களாக்காரர் சொன்னார். "அதத்தாங்க பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார் முதலாளி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசி. தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் மேனேஜர் ஜீப்பில் வந்து ஒரு சாக்கைக் கடைப் பலகையில் இறக்கினார். உள்ளே பழைய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன ரைபிள் ஒன்று. கட்டை உளுத்திருந்தது, குழல் உள்ளே அரித்துப்போயிருந்தது. ஆனால் நடுவில் இருந்த இயந்திரம் எண்ணெய்த் துணியில் சுற்றிக்கிடந்ததால் பிழைத்திருந்தது. எஸ்டேட் லைசென்சில் ஏறியிருந்த துப்பாக்கிதான் அது. செமி ஆட்டோமேட்டிக். ஒரு வெடி வெடித்ததும், அந்த வெடியின் வேகத்திலேயே காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் சாதி.

"ஏன் சார், இது இப்ப எதுக்கு?" என்று முதலாளி கேட்டார்.

மேனேஜர் சொன்னார். எஸ்டேட்டில் மலைவாழையைக் காட்டுப்பன்றிகள் கிளறிப்போடுகின்றன. சுடுவதற்கு வனத்துறை அனுமதி வாங்கியிருக்கிறது. காவல்காரர் பெருமாள் நன்றாகச் சுடுவார். ஆனால் அவரிடம் இருப்பது மருந்துத் துப்பாக்கி. போன மழைக்காலத்தில் அடிபட்ட பன்றி ஒன்று திரும்பி வந்தது. பெருமாள் இரண்டாவது தடவை மருந்து கொட்டுவதற்குள் தொடையைக் கிழித்துவிட்டது. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து எழுந்திருக்கிறார். இப்போதும் அந்தக் கால் முழுசாக மடங்காது.

"மறுபடி ஒரு தடவை அப்படி நடக்கக்கூடாது பாய். செகண்ட் ஷாட் ரெடியா இருக்கணும். இதுக்குப் புதுக் குழல், கட்டை போட்டு நீங்களே செஞ்சு குடுக்க முடியுமா? இல்ல, ஏரிப் பக்கம் ஒரு பங்களாக்காரர் இதே மாதிரி ஒண்ணை விக்கிறார், மகள் கிட்ட வெளிநாடு போறாராம். அதை வாங்கிடவா? ரெண்டுல எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க."

நல்ல மனிதர் அந்த மேனேஜர். காவல்காரன் கால் போனால் இன்னொருத்தன் என்று நினைக்கிறவராக இருந்தால் எங்கள் கடைக்கே வந்திருக்க மாட்டார்.

அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. ஈட்டி மரம் என்கிறோமே, அந்தத் தோதகத்தியில் ஒரு பலகை என்னிடம் இருந்தது. பன்னைக்காட்டில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது கேட்டு வாங்கியது. ஊதா ரேகை ஓடிய கட்டை. என்றைக்காவது முழுசாக ஒரு துப்பாக்கி செய்தால் அதற்கு என்று பரணில் வைத்திருந்தேன். இத்தனை வருடமும் எவனோ செய்ததைத்தானே சரி பண்ணிக்கொண்டிருக்கிறோம், ஒன்றாவது நம் கையில் பிறக்கட்டுமே என்று ஓர் ஆசை. உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னேன். "அடுப்பு மேடைக்கு ஒரு பலகை அடிச்சுக் குடுக்கச் சொல்லி வருசமாச்சு, அது பொறக்கட்டும் மொதல்ல" என்றாள்.

முதலாளியிடம் என் கட்சியைச் சொன்னேன். வாங்குகிற துப்பாக்கி எவனோ ஒருவனின் தோளுக்குச் செய்தது, நாம் செய்தால் பெருமாளின் குட்டைக் கைக்குப் பொருத்தமாக இருக்கும்.

"பழுது பாக்குறதுக்கு நமக்கு லைசென்ஸ் இருக்கு. குழலையும் மாத்திக் கட்டையையும் மாத்துனா அது பழுதா, புதுசா? கலெக்டர் ஆபீஸ்ல கேக்காம அரத்தத் தொடாத" என்றார் அவர். "அதுவும் போக, தானா ஏத்துற சாமான்ல நூல் இழை பிசகுனாலும் சுடுறவன் மூஞ்சிலதான் வெடிக்கும். ஒனக்கு மரம் தெரியும் செல்லையா. எனக்கும் ஒனக்கும் அந்த இரும்பு தெரியாது."

"அப்ப வாங்கச் சொல்லிருவமா முதலாளி?"

"வெரசா ஒண்ணும் சொல்ல வேணாம். பங்களாக்காரரையும் துப்பாக்கியையும் எஸ்டேட்டுக்கு வரச் சொல்லு. பெருமாளு கையில ஒருதரம் பாத்துட்டுச் சொல்லுவோம்."

கடை வாசலில் செய்கிற வழக்கம்தான் அது. அன்றைக்கு எஸ்டேட் வரைக்கும் ஜீப் ஏறிப்போய் அதைச் செய்தார்.

பெருமாள்மலை, பன்னைக்காடு வழியாகப் போனோம். பங்களாக்காரர் முன்சீட்டில் தன் துப்பாக்கிப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். வளைவுக்கு வளைவு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயப்போடுகிற களத்துக்குப் பின்னால் உயரமான மண்மேடு ஒன்று இருந்தது. அதன் முன்னால் வெட்டிப்போட்ட வாழைத்தண்டுகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆட்களை எல்லாம் அந்தப் பக்கம் வராமல் நிறுத்திவிட்டார் மேனேஜர்.

பெருமாள் காலை இழுத்துக்கொண்டு வந்தார். நாற்பதை நெருங்கிய, குள்ளமான, கெட்டியான ஆள். கூடவே அவர் மனைவி மாரியாயி, தூக்குவாளியோடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண், துப்பாக்கியைத் துவக்கு என்பாள். எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றி, "தேத்தண்ணி குடிங்க" என்று கொடுத்தாள்.

"புதுத் துப்பாக்கி வரப்போகுதுன்னு வீட்டுக்காரரு சந்தோசத்துல இருக்காரோ?" என்று நான் கேட்டேன்.

"ஓம், பழச விட்டுட்டு எப்பிடி இருப்பாரோ தெரியேல்ல. ஒவ்வொரு வெடிக்கும் அதுக்கு ஒரு முத்தம் குடுக்குற மனுசன். எனக்கு வருசத்துக்கு ஒண்ணுகூட இல்ல."

களமே சிரித்தது. பெருமாள், "வாய மூடு புள்ள, தொர நிக்கிறாக" என்று சொல்லிக்கொண்டு அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாரும் செய்கிற காரியம்தானே, அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இருந்தது.

முதலில் பங்களாக்காரர் சுட்டுக் காட்டினார். காலித் தோட்டா பக்கவாட்டில் பறந்து புல்லில் விழுந்தது. பெருமாள் அதை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். மேனேஜர் பொறுமையாக விளக்கினார். "இதுல நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒண்ணு சுட்டதும் அடுத்தது தானே ஏறிக்கும். விளங்குதா?"

"வெளங்குது தொர. நமக்கு ஒரு சோலி மிச்சம்."

சொல்லாமல் கொடுத்தோம் என்று நாளைக்கு யாரும் நினைக்கக்கூடாது. சொன்னோம், அவருக்கும் விளங்கியது.

துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தார்கள். கட்டை அவருக்கு நீளம், கழுத்தைச் சாய்த்துத்தான் பிடித்தார். நான் மனசுக்குள் தோதகத்திப் பலகையை அளந்துகொண்டிருந்தேன். முதலாளி எங்களை விட்டு ஓரடி தள்ளி நின்று வழக்கம்போல ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமாள் சுட்டார். நடுத்தண்டு குறுக்கே பிளந்தது. மண்மேட்டில் சத்தம் மோதித் திரும்பி வந்தது. மேனேஜர் கைதட்டினார்.

பெருமாள் சந்தோசமாகத் திரும்பி, கட்டையைத் தரையில் ஊன்றினார். குனிந்தார். வலது கை குதிரையைத் தேடிக்கொண்டு துப்பாக்கியின் மேலாகக் கீழே இறங்கியது. அந்தத் துப்பாக்கியில் வெளியே குதிரை கிடையாது. கை இன்னும் கீழே போய் விசைப் பக்கம் தடவியது. உதடு குழல் வாய்க்கு வந்துவிட்டது.

மேனேஜர் வாயைத் திறந்தார். முதலாளி அவர் நெஞ்சில் ஒரு கையை வைத்து அப்படியே நிறுத்தினார். பிறகு, டீ சொல்கிற குரலில் சொன்னார்.

"பெருமாளு, கெட்டிச்சிருக்கு."

பெருமாள் அசையாமல் நின்றார். உதட்டை எடுத்தார். கை தானாக விலகியது. மருந்துத் துப்பாக்கிக்காரன் சின்ன வயசிலிருந்து பயந்து வளர்ந்த வார்த்தை அது. குழலை விட்டு முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் கெட்டிக்கலையே பாய். யாரு கெட்டிச்சது?"

"அதுவேதான்."

முதலாளி மெதுவாக நடந்துபோய்த் துப்பாக்கியை வாங்கி, குழலை மண்மேட்டுப் பக்கம் திருப்பித் தோட்டாக்களை இறக்கினார். உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தது ஒன்று முதலில் வந்து விழுந்தது. சத்தம் போட்டிருந்தால் பெருமாளின் விரல் திடுக்கிட்டு இறுகியிருக்கும் என்று திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னார்.

மாரியாயி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் புருசனின் பக்கத்தில் போய் நின்றாள். பெருமாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ட்ரெயினிங் குடுத்தா சரியாயிடும் பாய், இல்லையா?" என்றார்.

"பகல்ல, நீங்களும் நானும் பக்கத்துல நிக்கையில சரியாயிரும் சார். பன்னி பாஞ்சு வந்து, சுட்டு விழுத்தி, நெஞ்சு படபடன்னு அடிக்கிற நேரத்துல கை பழசத்தான் செய்யும். இத்தன வருசம் அந்தப் பழக்கம்தான அவரக் காப்பாத்துச்சு."

"அப்படின்னா பட்டாளத்துல இருந்து வந்த ஆள் யாரையாவதுதான் பாக்கணும்" என்று மேனேஜர் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பெருமாளின் காதில் விழுந்துவிட்டது.

"தொர, எஞ் சோலியக் கெடுத்துராதீக. இந்தக் காலோட மம்பட்டி புடிக்க முடியாது. நான் இனிமே ஊதல, சத்தியமா ஊதல."

அப்போது மாரியாயி பேசினாள். அவள் மேனேஜரிடம் நேராகப் பேசி அன்றுதான் முதல் தடவை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"அவருக்கு வேலையும் வேணும் தொரை, உசுரும் வேணும். ரெண்டையும் தாற மாதிரி ஒரு துவக்கு இருந்தா அதக் குடுங்க. இல்லாட்டி ஏதும் வேண்டாம்."

செய்வதா வாங்குவதா என்று இத்தனை நாள் நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பேச்சில் குழல் இருந்தது, இரும்பு இருந்தது, என் பலகை இருந்தது. சுட்டபிறகு பெருமாள் என்ன செய்வார் என்பது இல்லை.

முதலாளி யோசித்துவிட்டுச் சொன்னார். இரட்டைக் குழல் வேண்டாம், ஒன்றைச் சுட்டால் மற்றதில் தோட்டா இருக்கும், இதே கதைதான். ஒற்றைக் குழல், நடுவில் மடக்கித் தோட்டா போடுகிற துப்பாக்கி. சுட்டபிறகு அது நிஜமாகவே காலி. மடக்கினால் ஒரு தோட்டா போட ஒரு மூச்சு நேரம் போதும். மருந்து கொட்டுகிற நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இரும்பை நல்ல தொழிற்சாலையில் செய்ததாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். "கட்டைய செல்லையா செய்யட்டும். அவன் ரொம்ப நாளா ஒரு பலகைய வச்சுக்கிட்டுத் தவிக்கிறான்."

பலகை சங்கதி அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பங்களாக்காரர் தன் ரைபிளைப் பெட்டியில் பூட்டினார். "நான் வேற யாருக்காவது குடுத்துக்கிறேன்" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்புறம் அதை அவர் விற்கவே இல்லை, போலீசில் ஒப்படைத்துவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போனார் என்று கேள்வி. எஸ்டேட்டின் உளுத்த ரைபிளையும் மேனேஜர் அப்படியே ஒப்படைத்தார்.

ஒற்றைக் குழல் துப்பாக்கி அனுமதியெல்லாம் முடிந்து வந்து சேர்ந்தது. பெருமாளைக் கடைக்கு வரவழைத்து, நின்று, உட்கார்ந்து, கெட்ட காலை நீட்டிக்கொண்டு என எல்லா விதமாகவும் பிடிக்கச் சொல்லி அளவெடுத்தேன். கம்பெனி போட்டிருந்த கட்டையைக் கழற்றிவிட்டுத் தோதகத்தியில் புதிதாகச் செதுக்கினேன். கன்னம் படிகிற இடத்தைப் பல தடவை தேய்த்தேன். ஊதா ரேகை சரியாக அந்த இடத்தில் வந்து வளைந்தது. மிச்சப் பலகையில் உங்கள் அம்மாவுக்கு அடுப்பு மேடைப் பலகையும் ஆயிற்று. இப்போது செல்வி வீட்டில் காய் நறுக்குகிறீர்களே, அதுதான்.

கடைக்குப் பின்னால் ஒரு தோட்டா சுட்டுவிட்டுப் பெருமாள் முதல் தடவை அதை மடக்கியபோது தயங்கினார். "பாய், ஊதாம இருந்தா வாயி நமநமங்குது" என்றார்.

"யாரு ஊத வேணாம்னா? மடக்குன பொறவு பின்னால இருந்து ஊது."

மடக்கியதும் குழல் வாய் தரையைப் பார்க்கும், பின்பக்கம் முகத்துக்கு நேராகத் திறந்து நிற்கும். காலித் தோட்டாவை எடுத்துவிட்டு அங்கே வாயை வைத்து ஊதினார். புகை முன்பக்கமாக வெளியே போனது. முதலாளி, "ம்ம், உசுரு ஓடுது" என்றார்.

எண்பதுகளில் ஒரு தடவை வேறு வேலையாக அந்த எஸ்டேட்டுக்குப் போனபோது பார்த்தேன். அதே துப்பாக்கி, அதே ஊதல். கட்டை அவர் கன்னத்து எண்ணெயில் கறுத்துப் பளபளத்தது. மாரியாயி, "இப்ப பின்னங்கழுத்துல முத்தம் குடுக்குறாரு" என்றாள். அதற்குப் பிறகு முதலாளி காலமாகி, கடையும் மூடி, நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். பெருமாளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போயிற்று.

செல்வி போனில் பேசி முடிக்கிற நேரத்தில் அவளிடம் ஒன்று கேட்டேன். அந்தப் பெரியவர் பந்தியில் சம்மணம் போட்டிருந்தாரா, காலை நீட்டியிருந்தாரா என்று.

"ஒரு கால நீட்டிக்கிட்டுத்தான்ப்பா உக்காந்திருந்தாரு. எல இருந்த எடத்துக்குச் சாயக்கூட முடியல அவருக்கு. ஏன்?"

ராஜா, நீ பயப்படுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. செல்வி, அவரை மறுபடி எங்காவது பார்த்தால், எங்கப்பா செய்தது வெறும் மரக்கட்டைதான் என்று திருத்தப் போகாதே. அந்த வாய் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.